ஐந்தில் மூன்று

என் புருஷன் எவாரிஸ்தோவுக்குத் தோற்கத் தெரியாது. பேரப்பிள்ளைகளோடு சீட்டாடினால்கூட ஒரு சீட்டைத் தொடைக்கு அடியில் ஒளித்து வைத்தாவது ஜெயித்துவிடுவான். பிள்ளை அழுதால், உலகம் இப்படித்தான் இருக்கும் என்று அதற்கே பாடம் எடுப்பான். நாற்பது வருஷத்துக்கு மேல் இதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவள் நான். அவன் ஒளித்து வைக்கும் சீட்டு ஒருநாள் நானாக இருப்பேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் பெயர் ஒர்தென்சியா. ஊரில் எல்லோருக்கும் தெஞ்சா.

எங்கள் ஊர் எல் ஒகோட்டே, மிச்சோவாக்கான் மலையில் இருக்கிறது. பாதிப் பேர் இங்கே அவகாடோத் தோட்டங்களில் காலம் தள்ளுகிறோம். மீதிப் பாதி வடக்கே, எல்லைக்கு அந்தப் பக்கம் சிகாகோவில். எவாரிஸ்தோவின் அண்ணன் அன்செல்மோ இருபது வயதில் வடக்கே போனவன். ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஊர்த் திருவிழாவுக்குக் கப்பல் மாதிரி ஒரு வண்டியில் வந்து இறங்குவான். அவன் இறங்குகிற நிமிஷத்தில் என் புருஷன் ஒரு சாண் குட்டையாகிவிடுவான். அண்ணன் என்னவோ ஆசையாகத்தான் கட்டிப்பிடிப்பான். இவனுக்குத்தான் அது முள்ளாகக் குத்தும்.

போன வருஷம் ஈஸ்டர் முடிந்ததும் தலைநகரிலிருந்து டாக்டர் ஒலிவாரெஸ் என்று ஒரு பெண் வந்து, கோயில் மண்டபத்தில் எங்களை உட்காரவைத்துப் பேசினாள். அறுபது தாண்டியவர்களை இரண்டு நாட்டிலும் பரிசோதித்து ஒப்பிடப் போகிறார்களாம். இங்கேயே இருந்துவிட்டவர்கள் ஒரு பக்கம், அங்கே போய்க் குடியேறியவர்கள் ஒரு பக்கம். ஒரே வம்சம், ஆனால் வேறு சாப்பாடு, வேறு வாழ்க்கை. இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தத்தில் ஓடுகிற இரண்டு வகைக் கொழுப்பு என்று ஐந்து விஷயம் பார்ப்பார்கள். அதில் மூன்று எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால் அதற்கு ஒரு நீளமான பெயர் இருக்கிறது. சர்க்கரை நோயும் மாரடைப்பும் வாசல்வரை வந்துவிட்டன என்று அர்த்தம். அந்தப் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. 'ஐந்தில் மூன்று' என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

இது போட்டி இல்லை என்று அந்த டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டாள். யார் கேட்டது? சாயங்காலத்துக்குள் ஊர்ச் சதுக்கத்தில் உள்ளூர் அணி, வடக்கு அணி என்று ஆகிவிட்டது. பல் போன கிழவர்களெல்லாம் காலையில் சிலுவைக் குன்று ஏறினார்கள். சப்பாத்திக்கள்ளி மடலை வேகவைத்து, அரைத்து, பச்சையாகவே மென்று தீர்த்ததில் ஊர் வேலிகள் மொட்டையாகிவிட்டன. முடிதிருத்தும் கிரிஸ்பின், பெண்டாட்டியின் இடுப்புக் கச்சையைச் சட்டைக்குள் இறுக்கிக் கட்டிக்கொண்டு அளவெடுக்கப் போனார். நர்ஸ் டேப்பை வைத்ததும் கொக்கி ஒன்று தெறித்து ஜன்னலில் போய் அடித்தது. அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தோம்.

அந்த நர்ஸ்தான் யாதிரா, என் ஞானமகள். ஞானஸ்நானத்துக்கு அவளை நான்தான் கையில் ஏந்தினேன்; அவளுக்கு நான் மத்ரினா, எவாரிஸ்தோ பத்ரினோ. அவளுடைய அப்பா குடும்பத்தை விட்டு ஓடிப்போனபோது அவளை நர்ஸ் படிப்புக்கு அனுப்பியது எவாரிஸ்தோ. ஆராய்ச்சிக்காரர்கள் எங்கள் ஊருக்கு அவளையே வைத்துக்கொண்டார்கள். இடுப்பும் அழுத்தமும் மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் அளந்தார்கள். நான் பூசணிக்காய் வாகு. கோட்டை எப்போதோ தாண்டியவள். எவாரிஸ்தோ துடைப்பக்குச்சி மாதிரி இருப்பான். அவனுக்கு அழுத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதல்.

ரத்தம் எடுக்க மட்டும் வெறும் வயிற்றில் இருக்கவேண்டும் என்பதால் யாதிரா விடிந்ததும் வீட்டுக்கே வந்தாள். எங்கள் சமையலறை மேஜையில்தான் எடுத்தாள். எனக்கு ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன், முடிந்ததும் அடுப்படிக்குப் போய் மக்காச்சோளக் கஞ்சியைக் கிளறினேன். என் முதுகுக்குப் பின்னால் அவர்கள் இரண்டு பேரும் ஏதோ குசுகுசுத்தார்கள். மகளும் தகப்பனும் மாதிரி இருக்கிறார்களே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

முடிவு வந்தபோது எனக்கு ஐந்தில் நான்கு. எவாரிஸ்தோவுக்கு ஒன்று.

அவன் அன்றைக்குச் சதுக்கத்துக்குப் போன நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனுக்குப் போன் போட்டு, ஊரே கேட்கிற மாதிரி சத்தமாகப் பேசுவான். அன்செல்மோவுக்கு ஐந்தும் தாண்டியிருந்தது. தினமும் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்கிறான். அதை அவனே மறைக்காமல் சொன்னான். இவன் அதைப் பிடித்துக்கொண்டு, அங்கே போய் வீடு வாங்கினாய், வண்டி வாங்கினாய், கூடவே வியாதியையும் வாங்கினாய் என்று வாராவாரம் குத்துவான். கடைசியில் என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "எங்க வீட்லயும் ஒரு ஆளு வடக்கு அணிக்குத்தான் ஆடுது" என்பான். முதல் தடவை நானும் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

சுகாதார நிலையத்தில் எனக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மத்தியானம் வெள்ளை மாத்திரையில் பாதி, மஞ்சள் ஒன்று. காலையில் காப்பியோடு தின்கிற கோன்ச்சா ரொட்டியை விட்டேன். அந்தச் சர்க்கரை மேலோடு பல்லில் நொறுங்குகிற சத்தத்துக்காகவே விடிய வேண்டும் என்று நினைக்கிறவள் நான். பன்றிக்கறி, மக்காச்சோள மாவில் தட்டிச் சுடுகிற தொர்த்தியா, திருவிழாப் பலகாரம் எல்லாம் போயிற்று. ஒரே அடுப்பில் இரண்டு சட்டி வைத்தேன்: எனக்கு உப்பில்லாத கள்ளி மடல், அவனுக்குக் கொழுப்பில் பொரித்த கறி. அவன் எலும்பை உறிஞ்சிக்கொண்டே எனக்கு மன உறுதி வேண்டும் என்று உபதேசம் பண்ணுவான்.

மாத்திரை போட ஆரம்பித்ததிலிருந்து எனக்குக் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது. ஒருநாள் சந்தையில் மயங்கி ஒருத்தியின் தக்காளிக் குவியல்மேல் விழுந்தேன். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறொன்று. டப்பாவில் மாத்திரை எப்போதும் நான் நினைத்ததைவிடக் குறைவாகவே இருக்கும். கேட்டால் எவாரிஸ்தோ மெதுவாக, அன்பாக, என் தோளில் கை வைத்துச் சொல்லுவான்.

"நீ காலையிலயே ஒண்ணு போட்டுக்கிட்டியே, கிழவி. மறந்துட்டியா?"

என் அம்மா கடைசி ஏழு வருஷம் என் பெயரே தெரியாமல் இருந்து செத்தாள். எனக்கு உலகத்தில் சாவுகூடப் பயமில்லை, மறதிதான் பயம். அது அவனுக்குத் தெரியும், அவனுக்கு மட்டும்தான் அவ்வளவு நன்றாகத் தெரியும். நான் தனியாக அடுப்பு மூட்டுவதை நிறுத்தினேன். கோயிலில் மாதாவின் உடுப்புகள் இருக்கிற அலமாரிச் சாவி முப்பது வருஷமாக என் இடுப்பில் இருந்தது. திருவிழாவுக்கு மாதாவுக்கு உடுத்திவிடுகிறவள் நான்தான். எங்கேயாவது தொலைத்துவிடுவேன் என்று அந்தச் சாவியை நானே கொண்டுபோய் இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு, வரும் வழியெல்லாம் அழுதேன்.

இந்த ஆகஸ்டில், திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால், டாக்டர் ஒலிவாரெஸ் வீட்டுக்கே வந்தாள். எவாரிஸ்தோ விழாக் கமிட்டிக்குப் போயிருந்தான். அவள் உட்காரவே இல்லை. எல்லோர் ரத்தத்திலும் பரம்பரை விஷயம் பார்க்க ஒரு குழாய் எடுத்து வைத்திருந்தார்களாம். அதை இப்போதுதான் சோதித்தார்களாம்.

"டோன்யா தெஞ்சா, உங்க பேர் போட்ட குழாய்ல இருக்கறது ஒரு ஆம்பளையோட ரத்தம்" என்றாள். "உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கறது ஒரு பொம்பளையோடது. ஒட்டும்போது மாறிப்போச்சு போல. எங்க தப்பு, மன்னிச்சுக்கணும்."

என் விரலைக் குத்திப் பார்த்தாள். சர்க்கரை இருக்கவேண்டிய அளவுக்கும் கீழே கிடந்தது. அந்த மாத்திரையை இனிமேல் தொடவே கூடாது என்றாள், புதிதாக ரத்தம் எடுத்துக்கொண்டாள். எவாரிஸ்தோவை உடனே பார்க்கவேண்டும், அவருக்குத்தான் வைத்தியம் தேவை என்றாள். நானே அவனிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டேன்: இந்த மயக்கமும் நடுக்கமும் மாத்திரையால்தான் என்றால், மறதியும் மாத்திரையால்தானா? என்ன மறதி என்று கேட்டாள். சொன்னேன். உட்கார்ந்து என்னிடம் பத்துப் பதினைந்து கேள்வி கேட்டாள், படம் வரையச் சொன்னாள், வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். உங்கள் ஞாபகத்துக்கு ஒரு குறையும் இல்லை, என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்று எழுந்தாள்.

ஏதோ தவறுதலாக மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். எனக்கு அந்தக் குசுகுசுப்பு ஞாபகம் வந்தது.

நேராகச் சுகாதார நிலையத்துக்குப் போனேன். யாதிரா என் முகத்தைப் பார்த்ததுமே கதவைச் சாத்தினாள். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளே கொட்டினாள். ஆராய்ச்சிக்கு ரத்தம் எடுக்கும் முன்பே எவாரிஸ்தோ பக்கத்து ஊருக்குப் போய், மருந்துக்கடையை ஒட்டியிருக்கிற டாக்டரிடம் ரகசியமாகச் சோதித்துப் பார்த்திருக்கிறான். ஊருக்கெல்லாம் உள்ளூர் அணி என்று முழங்கிக்கொண்டிருந்தவனுக்குச் சர்க்கரை எக்கச்சக்கம். அண்ணன் முன்னால் எப்படி நிற்பது? குழாயின்மேல் பெயரை மாற்றி ஒட்டச் சொல்லியிருக்கிறான்.

"பத்ரினோ வாயத் திறந்து என்கிட்ட கேட்ட ஒரே விஷயம் அதுதான், மத்ரினா" என்றாள். "அவர்கிட்ட எப்படி மாட்டேன்னு சொல்லுவேன்? உங்களுக்கு மருந்து எழுதுவாங்கன்னு நான் நினைக்கவே இல்ல."

"எழுதினப்போ?"

"உங்ககிட்ட உண்மையச் சொல்லிடுறேன்னு அவர்தான் சொன்னாரு. அப்புறம் மாசாமாசம் வந்து, உங்க பேர்லயே கூடுதலா மாத்திரை வாங்கிட்டுப் போனாரு. அவரும் போட்டுக்கணுமில்ல. அதுவும் பல நாள் பத்தாது."

அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். டப்பாவில் குறைந்த மாத்திரையெல்லாம் எங்கே போயிற்று என்று அப்போதுதான் புரிந்தது. அவன் தின்றுவிட்டு, நான் தின்றதை மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறான், தோளில் கையை வைத்துக்கொண்டு. யாதிரா என் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். சின்ன வயதில் அவள் அழுதால் நான்தான் துடைப்பேன். அன்றைக்குத் துடைக்கவில்லை. அவள் தலையை நகர்த்திவிட்டு எழுந்து வந்தேன்.

அவனுக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்தேன். அதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் கல்நெஞ்சக்காரி என்று நினைப்பீர்கள். அன்று சாப்பாட்டில் அவன் கறியைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, என்னிடம் சொல்லவேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். கையிலிருந்த கறியைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். சொல்லிவிடுவான் என்றுதான் நம்பினேன். மறுபடியும் ஏதோ குழம்புகிறாய், மடலைச் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படு என்றான்.

திருவிழாவுக்கு முதல் நாள் டாக்டர் போன் செய்தாள். எனக்கு ஐந்தில் ஒன்றுதான்: இடுப்பு.

திருவிழா மத்தியானம் எங்கள் முற்றத்தில் பந்தி. அன்செல்மோ இளைத்துப் பாதியாகியிருந்தான். சட்டையைத் தூக்கி எல்லோர் முன்னாலும் வயிற்றில் ஊசியைக் குத்திக்கொண்டான், பிறகு தட்டை இழுத்து அளவாகப் பரிமாறிக்கொண்டான். அவன் மனைவி சோய்லா பக்கத்தில். யாதிரா தொர்த்தியாக் கூடையைத் தூக்கிக்கொண்டு பரிமாறினாள். என் கண்ணை மட்டும் பார்க்கவில்லை. எவாரிஸ்தோ தட்டில் கறி குன்றாக இருந்தது. இந்த மண்ணையும் மக்காச்சோளத்தையும் விட்டுப் போகாதவன் உடம்பு எஃகு என்று ஆரம்பித்து, ஊரைத் துறந்தவர்களின் கதிவரை பேசி முடித்தான். அன்செல்மோ தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

பேச்சு முடிந்த கையோடு எவாரிஸ்தோ என் பக்கம் திரும்பினான்.

"கிழவி, மாத்திரை போட்டியா?" என்றான். அண்ணனிடம் குரலைத் தாழ்த்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "இவளுக்கு இப்பல்லாம் ஒண்ணும் நெனப்புல நிக்கறதில்ல. நான் ஒருத்தன் இல்லன்னா அவ்வளவுதான்."

அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அன்றைக்கு வாயைத் திறந்திருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. எழுந்து உள்ளே போய் டப்பாவை எடுத்து வந்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"எது எவ்வளவுன்னு மறந்துபோச்சு, கிழவா. நீயே எடு."

அவன் டப்பாவைப் பார்க்கக்கூட இல்லை. ஒரு கையால் மூடியைத் தள்ளினான், வெள்ளை மாத்திரையை நகத்தால் சரிபாதியாக உடைத்தான், மஞ்சளில் ஒன்றைப் பொறுக்கினான், உள்ளங்கையில் போட்டு நீட்டினான். தினமும் செய்கிற கை அது. சோய்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது; இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றாள்.

"எடுத்துட்டல்ல?" என்றேன். "இப்ப நீயே முழுங்கு. அது உன்னோடது."

யாரும் மெல்லவில்லை. அவன் சிரிக்கப் பார்த்தான், இவளுக்கு முற்றிவிட்டது என்று கையால் சைகை காட்டினான்.

"டாக்டரம்மா வீட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போனாங்க" என்றேன். "என் பேர்ல போனது ஆம்பளை ரத்தமாம். உன் பேர்ல போனது பொம்பளை ரத்தமாம். இந்த வீட்ல நாம ரெண்டு பேருதான் இருக்கோம்."

அவன் என்னைப் பார்க்கவில்லை, யாதிராவைப் பார்த்தான். அவள் கூடையை மேஜையில் வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. நான் எதிர்பார்த்தது அன்செல்மோவின் சிரிப்பை. வருஷம் முழுக்க வாங்கிய குத்துக்கெல்லாம் திருப்பிக் குத்த அவனுக்கு உரிமை இருந்தது. அவனோ தன் தண்ணீர் டம்ளரைத் தம்பி பக்கம் நகர்த்தினான்.

"நான் எப்படா உன்கூட போட்டி போட்டேன்?" என்று மட்டும் கேட்டான். "முழுங்கு. நேரமாவுது."

எவாரிஸ்தோ முழுங்கினான். பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது.

எல்லோரும் ஊர்வலத்துக்குப் போன பிறகு சமையலறைக்கு வந்தான். மன்னிப்புக் கேட்பான் என்று, என் புத்தி கெட்ட மனசு, அப்போதும் நினைத்தது. அண்ணன் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாயே, தனியாகக் கேட்டிருக்கலாமே என்றான்.

"நீதான் என்கிட்டத் தனியாக் கேட்டிருக்கணும்" என்றேன். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா ரெண்டு கையையும் நீட்டியிருப்பேன். என் ரத்தத்த உன் பேர்ல நானே குடுத்திருப்பேன், நானே வியாதிக்காரின்னு ஊருக்குச் சொல்லியிருப்பேன். உனக்குக் கள்ளி மடல் வேகவெச்சிருப்பேன். நீ கேக்கல. எடுத்துக்கிட்ட. அதையாவது நான் பொறுத்துப்பேன். எங்கம்மா எப்படிப் போனாங்கன்னு தெரிஞ்சும், என் தோள்ல கையப் போட்டுக்கிட்டு, எனக்கு மறதின்னு சொன்னியே."

நான் கோயிலுக்குப் போய் அலமாரிச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தேன்.

இப்போதும் ஒரே அடுப்பில் இரண்டு சட்டிதான். அவனுக்குக் கள்ளி மடலும் அவித்த கோழியும் வைக்கிறேன். டாக்டர் சொன்ன மாத்திரை அவன் பெயரிலேயே வருகிறது. காலையில் நான் கோன்ச்சா ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்கிறேன், அவன் எதிரில் உட்கார்ந்து பார்க்கிறான். அந்த மேலோடு பழையபடி நொறுங்குகிறது, ஆனால் பழைய ருசி இல்லை. யாதிராவின் வேலை போய்விட்டது. அவள் வாசலில் வந்து நின்றால் உள்ளே கூப்பிட எனக்கு இன்னும் வாய் வரவில்லை. அவனோடும் சமைத்துப் போடுவதற்கு மேல் ஒரு பேச்சும் கிடையாது.

நேற்று மத்தியானம் தட்டைத் தள்ளிவிட்டு, பரிதாபமாகக் கேட்டான்.

"இன்னும் எத்தன நாளைக்கு இப்படிப் பேசாம இருப்ப, கிழவி? எப்பதான் நிறுத்துவ?"

"எப்ப நிறுத்தணும்னு நெனச்சுத்தான் வெச்சிருந்தேன்" என்றேன். "மறந்துபோச்சு."